அவ்ரேக்: எபிரேயம் போலத் தெரியும் ஒரு சொல்லின் கதை

கேள்வி இதுதான். ஆதியாகமம் 41:43-இல் எகிப்தின் ராஜாவான பார்வோன் யோசேப்பைத் தன் இரண்டாம் இரதத்தில் ஏற்றி ஊர்வலம் அனுப்புகிறான். தமிழ் பைபிளில் அவனுக்கு முன்னால் "தெண்டனிட்டுப் பணியுங்கள்" என்று கூவுகிறார்கள். ஆனால் ஒரு யூத விளக்கத்தில் அதே இடத்தில் "இவர் ராஜாவுக்குத் தகப்பன்" என்று இருக்கிறது. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை, யார் தப்பாக மொழிபெயர்த்தார்கள்?

இரண்டு பேருமே மூலத்தைத்தான் மொழிபெயர்த்தார்கள். மூலத்தில் இருப்பது ஒரே ஒரு சொல்: அவ்ரேக். எபிரேய வேதம் முழுவதிலும் இந்த ஒரு இடத்தைத் தவிர வேறெங்கும் அது வராது. ஒரு சொல் நாலு இடத்தில் வந்தால் ஒப்பிட்டுப் பார்த்துப் பொருளைப் பிடிக்கலாம், ஒரே இடத்தில், அதுவும் தெருவில் யாரோ கூவும் ஒற்றைச் சொல்லாக வந்தால் என்ன செய்வது?

இதை ஒதுக்கிவிட்டுப் போகவும் யூதர்களுக்கு வழியில்லை. தோரா, அதாவது மோசேயின் ஐந்து நூல்கள், 54 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு ஓய்வுநாள்தோறும் ஜெப ஆலயத்தில் வாசிக்கப்படுகிறது, ஒரு வருடத்தில் முடித்து மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள். இந்த வசனம் வரும் பகுதிக்கு மிக்கெட்ஸ் என்று பெயர், பெரும்பாலும் ஹனுக்கா என்ற விளக்குத் திருவிழா சமயத்தில், டிசம்பர் வாக்கில் வரும். ஆகவே வருஷத்துக்கு ஒருமுறை அவ்ரேக் தவறாமல் வந்து வாசலில் நிற்கும். போதாதற்கு, அந்தந்த வாரப் பகுதியை ஒவ்வொருவரும் மூலத்தில் இரண்டு முறையும் அரமேய மொழிபெயர்ப்பான தர்குமில் ஒரு முறையும் படித்து முடிக்க வேண்டும் என்று தால்மூத், அதாவது பழைய யூதப் பண்டிதர்களின் சட்ட விவாதத் தொகுப்பு, சொல்கிறது. அதனால் சந்தேகம் வந்தால் முதலில் போய் நிற்கும் இடம் ஓன்கெலோஸ் பெயரில் வழங்கும் தர்கும்தான்.

நீங்கள் படித்த "ராஜாவுக்குத் தகப்பன்" அங்கிருந்து வந்ததுதான். ஓன்கெலோஸ் சொல்லை இரண்டாக உடைக்கிறார்: அவ் என்றால் தகப்பன், ரேக் என்றால் ராஜா. அவ் சரி, ரேக் எப்படி ராஜா ஆகும்? 11-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் த்ருவா ஊரில் இருந்த ராஷி, யூத உரையாசிரியர்களில் எல்லோரும் முதலில் புரட்டுகிறவர், இதற்கு ஆதாரம் தருகிறார். ரோமர் மொழியில் ரேக் என்றால் ராஜா, தால்மூதில் பாவா பத்ரா பகுதியில் "ரேகாவும் இல்லை, ரேகாவின் மகனும் இல்லை" என்று வருகிறதே, அதைப் பாருங்கள் என்கிறார். (சில பதிப்புகளில் "ரோமர் மொழி" என்பது "அரமேய மொழி" என்று இருக்கும், எபிரேய எழுத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் தெரியும்.) லத்தீனில் ராஜாவுக்கு ரெக்ஸ் என்பார்களே, அது நினைவுக்கு வருகிறதல்லவா?

சரி, ராஷி சொன்ன அந்தத் தால்மூத் பக்கத்தைத் திறந்து பார்த்தால் ஒரு வேடிக்கை இருக்கிறது. அங்கே ஏரோது ராஜா எருசலேம் ஆலயத்தைப் புதுப்பிக்க ரோமிடம் அனுமதி கேட்டதாகக் கதை வருகிறது. ரோமிலிருந்து வந்த பதிலில்தான் நீ ரேகாவும் இல்லை, ரேகாவின் மகனும் இல்லை, அடிமை என்ற அந்த வசை இருக்கிறது. உடனே தால்மூத் கேட்கிறது: ரேகா என்றால் என்ன? அரசத்தன்மை. எங்கிருந்து தெரியும்? "இன்று நான் ராக், ராஜாவாக அபிஷேகம் பண்ணப்பட்டவன்" என்று தாவீது சொன்ன வசனத்திலிருந்து. இல்லாவிட்டால், "அவனுக்கு முன்பாக அவ்ரேக் என்று கூவினார்கள்" என்பதிலிருந்து! ஆக அவ்ரேக்குக்கு ராஷி காட்டும் சாட்சி ரேகா, ரேகாவுக்குத் தால்மூத் காட்டும் சாட்சிகளில் ஒன்று அவ்ரேக். இரண்டு பேர் ஒருவருக்கொருவர் ஜாமீன் போட்ட மாதிரி. இதைச் சொல்லி ராஷியை மட்டம் தட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம், அவர் கையில் அகராதி இல்லை, எகிப்திய எழுத்தை வாசிக்கத் தெரிந்த ஆள் அன்றைக்கு உலகத்தில் எங்குமே இல்லை. அதோடு ஓன்கெலோஸுக்கு வேறொரு பலமான துணை இருக்கிறது: நாலு அதிகாரம் தள்ளி, 45:8-இல் யோசேப்பு தன் வாயாலேயே, தேவன் என்னைப் "பார்வோனுக்குத் தகப்பனாக" வைத்தார் என்று அண்ணன்மாரிடம் சொல்கிறான். என் கணக்கில் ரோமர் மொழியைவிட இந்த வசனம்தான் ஓன்கெலோஸுக்கு நல்ல சாட்சி.

இனி "தெண்டனிட்டு" எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ராஷி தர்குமோடு நிற்கவில்லை, அதே குறிப்பில் ஒரு பழைய சண்டையையும் எடுத்துப் போடுகிறார். அது சிஃப்ரே என்ற பழைய மித்ராஷ், அதாவது வேத விளக்கத் தொகுப்பில், உபாகமத்தின் முதல் வசனத்துக்கான விளக்கத்தில் இருக்கிறது. ரபி யூதா சொன்னார்: அவ்ரேக் என்பது யோசேப்பைக் குறிக்கும், ஞானத்தில் அவ், அதாவது தகப்பன், வயதில் ராக், அதாவது இளையவன். அழகான விளக்கம்தான். அங்கே இருந்த ரபி யோசே பென் துர்மஸ்கித் பொறுக்கவில்லை. இன்னும் எத்தனை நாளைக்கு வேதத்தை எங்களுக்கு முறுக்கி முறுக்கிக் காட்டுவீர்கள்? அவ்ரேக் என்றால் முழங்கால், பிர்காயிம், அவ்வளவுதான், எல்லோரும் அவன் கையின் கீழ் வந்து போனார்கள், அதைத்தான் அது சொல்கிறது என்று முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார்.

துர்மஸ்கித் என்றால் தமஸ்குக்காரி, சிரியாவின் டமாஸ்கஸ் ஊர்க்காரி. அவளுடைய மகன் இவர். இந்த ஊர் விஷயம் முக்கியம். ஏனென்றால் அதே இடத்தில் இவர்கள் இருவருக்கும் இன்னொரு சொல்லிலும் மோதல் நடக்கிறது. சகரியா 9:1-இல் ஹத்ராக் தேசம் என்று ஒன்று வருகிறது. அப்படியொரு ஊரை யாரும் கேள்விப்பட்டதில்லை. ரபி யூதா அதையும் அதேபோல் பிளந்தார்: அது மேசியா, பிற இனத்தாருக்கு ஹத், கூர்மையானவர், இஸ்ரவேலுக்கு ராக், மென்மையானவர். ரபி யோசே என்ன சொன்னார் தெரியுமா? வானத்தையும் பூமியையும் சாட்சி வைத்துச் சொல்கிறேன், நான் தமஸ்குக்காரன், அங்கே ஹத்ராக் என்று ஓர் இடம் இருக்கிறது. விஷயம் தீர்ந்தது!

தீர்ந்ததா என்றால், 1903-இல்தான் முழுசாகத் தீர்ந்தது. வட சிரியாவில் டெல் அஃபிஸ் என்ற இடத்தில் ஒரு கல்வெட்டு கிடைத்தது, இப்போது பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கி.மு. 800-ஐ ஒட்டிய காலத்து ஹமாத் அரசன் ஸக்கூர் பழைய அரமேயத்தில் வெட்டிவைத்தது. தமஸ்கு அரசன் பர்ஹதாத் பல ராஜாக்களைச் சேர்த்துக்கொண்டு வந்து என்னை ஒரு நகரத்துக்குள் முற்றுகையிட்டான், என் தெய்வம் காப்பாற்றியது என்று அதில் சொல்கிறான். அந்த நகரத்தின் பெயர் ஹ-ஸ-ர-க. பிற்கால அரமேயத்தில் த ஒலியாக மாறிய ஒரு பழைய ஒலியை அந்தக் காலத்து அரமேயர்கள் ஸ எழுத்தால் எழுதுவார்கள், ஆக அது நம் ஹத்ராக்கேதான். இந்த ஒரு கல்லுக்காகவே எனக்கு ரபி யோசேயைப் பிடிக்கும்.

அதற்காக அவ்ரேக்கிலும் அவர் சொன்னதே சரி என்று சொல்லிவிட முடியாது. முழங்கால் விளக்கத்துக்கு இலக்கணத்தில் ஓர் உதவி இருக்கிறது, ஓர் இடறலும் இருக்கிறது. உதவி: ஆதியாகமம் 24:11-இல் ஆபிரகாமின் ஊழியக்காரன் ஒட்டகங்களை மண்டியிட வைக்கிறான், அங்கே வரும் வினை வ-யவ்ரேக். இதே வேர், இதே பிறவினை வடிவம். (எகிப்தின் இரண்டாம் பெரிய மனிதருக்கு முன்னால் கூவிய சொல்லுக்கு ஒட்டகம்தான் கிடைத்த சாட்சி, என்ன செய்ய.) இடறல்: "மண்டியிடு" என்று ஏவ வேண்டுமானால் சொல் ஹ ஒலியில் தொடங்கியிருக்க வேண்டும், இங்கே எபிரேயத்தின் முதல் எழுத்தான அலெஃபில் தொடங்குகிறது. ஸ்பெயினிலிருந்து 1140-இல் கிளம்பி ரோம், பிரான்ஸ், இங்கிலாந்து என்று அலைந்த உரையாசிரியர் இபின் எஸ்ரா முழங்கால் பக்கம்தான் நிற்கிறார், ஹ இருக்க வேண்டிய இடத்தில் அலெஃப் வந்திருக்கிறது என்று அந்த இடறலைத் தாண்டுகிறார். எரேமியா 25:3-இல் இப்படி மாறி வந்த ஒரு சொல் உண்மையிலேயே இருக்கிறது, எனவே இது வெறும் சமாளிப்பு இல்லை.

ஆனால் இரண்டே வசனம் தள்ளி இதே இபின் எஸ்ரா எப்படி நடந்துகொள்கிறார் என்று பாருங்கள். எனக்குச் சுவாரசியமே இந்த இடம்தான். 41:45-இல் பார்வோன் யோசேப்புக்கு ஒரு புதுப் பெயர் வைக்கிறான்: ஸாஃப்னாத் பானேயாக், தமிழ் பைபிளில் சாப்நாத்பன்னேயா. ஓன்கெலோஸ் "மறைவானவை வெளிப்படும் மனிதன்" என்கிறார். ராஷி "மறைந்ததை விளக்குகிறவன்" என்று சொல்லிவிட்டு, பானேயாக் என்ற சொல்லுக்கு வேதத்தில் வேறு ஒப்பு இல்லை என்று நேர்மையாக ஒரு வரி சேர்க்கிறார். முதல் பாதி, ஸாஃப்னாத், எபிரேயத்தில் மறைப்பதைக் குறிக்கும் வேரோடு ஒத்துப்போவது போல இருக்கிறது. இரண்டாம் பாதி எதோடும் ஒட்டவில்லை, அதனால் முதல் பாதியைப் பார்த்து இரண்டாவதை நிரப்பியிருக்கிறார்கள். இபின் எஸ்ராவோ மூட்டையைக் கட்டிவிட்டார். இது எகிப்தியச் சொல் என்றால் அதன் பொருள் நமக்குத் தெரியாது, எகிப்தியத்திலிருந்து எபிரேயத்துக்கு மாற்றிய சொல் என்றால் யோசேப்பின் உண்மையான எகிப்தியப் பெயர் நமக்குத் தெரியாது. அவ்வளவுதான் அவர் விளக்கம். 12-ஆம் நூற்றாண்டில் இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லியிருக்க முடியாது.

அப்படியானால் அவ்ரேக்கையும் ஏன் அவர் அப்படி விடவில்லை? அதே எகிப்து, அதே ஊர்வலம், எகிப்துக்காரர்கள் தங்கள் தெருவில் கூவுகிறார்கள், அவர்கள் எதற்கு எபிரேயத்தில் கூவ வேண்டும்? என் ஊகம் என்னவென்றால், அவ்ரேக் எபிரேயம் போலவே இருக்கிறது. அவ் இருக்கிறது, ராக் இருக்கிறது, முழங்காலும் இருக்கிறது. பானேயாக் எதைப் போலவும் இல்லை. பழக்கப்பட்ட முகம் போலத் தெரியும் சொல்லை உரையாசிரியர்கள் விடவே மாட்டார்கள், முற்றிலும் அந்நியமான சொல்லிடம்தான் "தெரியாது" என்ற நேர்மை வருகிறது. இன்றைய ஆய்வாளர்களில் பெரும்பாலோர் எபிரேயத்துக்கு வெளியேதான் தேடுகிறார்கள். அக்காடிய மொழியில் அபரக்கு என்றால் அரண்மனை மேற்பார்வையாளர், யோசேப்பின் பதவிக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது. எகிப்தியத்தில் "உன் இருதயம் இங்கே", அதாவது கவனி, பராக், என்பது போன்ற ஒரு கூவல் என்று இன்னொரு கட்சி. ஊர்வலத்தின் முன்னால் கூவுவதற்கு எனக்கு அதுதான் இயல்பாகப் படுகிறது. ஆனால் இதிலும் தீர்ப்பு வரவில்லை.

ராஷியின் பேரன் ரஷ்பாம் இந்தப் பகுதிக்கு முந்தின வாரப் பகுதியில், 37:2-க்கான உரையில், தன் தாத்தாவோடு வாதாடிய கதையைச் சொல்கிறார். நேரம் மட்டும் இருந்தால், நாள்தோறும் புதிதாகத் தோன்றும் நேர்ப்பொருள்களுக்கு ஏற்ப வேறு உரைகள் எழுத வேண்டியிருக்கும் என்று தாத்தாவே ஒப்புக்கொண்டாராம். ராஷியிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. 28:5-இல் லாபானை "யாக்கோபுக்கும் ஏசாவுக்கும் தாயாகிய ரெபெக்காளின் சகோதரன்" என்று வேதம் நீட்டி முழக்குகிறது. இது எதற்கு? "இது நமக்கு எதைக் கற்பிக்கிறது என்று எனக்குத் தெரியாது" என்கிறார் ராஷி. தெரியாவிட்டால் பேசாமல் போயிருக்கலாமே, வசனத்துக்கு வசனம் உரை எழுத வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. பிரச்சினை இங்கே இருக்கிறது என்று அடையாளம் வைத்துவிட்டுப் போகிறார்.

எபிரேயம் போலத் தெரியும் சொல் என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு இன்னொன்று: 36:24. ஆனாகு என்பவன் தகப்பனுடைய கழுதைகளை மேய்க்கும்போது வனாந்தரத்தில் யேமிமைக் கண்டுபிடித்தான். என்ன அது? ஓன்கெலோஸ்: பலசாலிகளை. ஏமியர் என்ற பழைய இராட்சத இனத்தின் பெயர் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். ஜெரோமின் லத்தீன் பைபிள்: வெந்நீர் ஊற்றுகளை. எபிரேயத்தில் கடலுக்கும் நீர்ப்பரப்புக்கும் யாம் என்றுதான் பெயர். தால்மூதும் ராஷியும்: கோவேறு கழுதைகளை. கழுதையையும் குதிரையையும் இணைசேர்த்து இந்தக் கலப்பு விலங்கை முதலில் உண்டாக்கியவன் இவன்தான், முறைகெட்ட வழியில் பிறந்தவன் முறைகெட்டதையே உலகுக்குக் கொண்டுவந்தான் என்று ஒரு குத்தும் உண்டு. அந்தப் பெயர் ஏன்? ஏமா என்றால் பயம், வெள்ளைக் கோவேறு கழுதை உதைத்துப் பிழைத்தவர் இல்லை என்று ரபி ஹனினா சொன்னாராம். மூன்று அகராதிகள், மூன்று விலங்கியல்! கழுதை மேய்த்தான் என்ற விவரம் வசனத்திலேயே இருப்பதால் கோவேறு கழுதை பொருந்துவது போலத்தான் தெரிகிறது, ஆனால் பாலைவனத்தில் மேய்ப்பவன் "கண்டுபிடித்தான்" என்று பெருமையாகச் சொல்ல வேண்டுமானால் அது தண்ணீராக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்பது என் கட்சி.

இதற்கு நேர் எதிரானது தோத்தாஃபோத். யாத்திராகமம் 13:16, அப்புறம் உபாகமத்தில் இரண்டு இடம். "உன் கண்களின் நடுவே தோத்தாஃபோத்தாக இருக்கும்." யூத ஆண்கள் காலை ஜெபத்தில் நெற்றியிலும் கையிலும் கட்டிக்கொள்ளும் தெஃபிலீன் என்ற தோல் பெட்டிகளுக்கு ஆதாரமான வசனம், எனவே ஓய்வாக உட்கார்ந்து ஊகிக்கும் விஷயமில்லை. நெற்றிப் பெட்டியில் நான்கு அறைகள் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஏன் நான்கு? கத்பி மொழியில் தத் என்றால் இரண்டு, ஆஃப்ரிகி மொழியில் பத் என்றால் இரண்டு, கூட்டினால் நாலு என்றார் ரபி அகிபா. ஒரு சொல்லின் பாதி ஒரு நாட்டிலிருந்தும் மீதி இன்னொரு நாட்டிலிருந்தும் வந்ததாகச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! ராஷி இதை எழுதிவிட்டு, பக்கத்திலேயே 10-ஆம் நூற்றாண்டு ஸ்பெயின் அகராதிக்காரர் மெனாகெம் பென் சாருக் சொன்னதையும் வைக்கிறார்: இது பேச்சைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது, பார்க்கிறவன் எகிப்திலிருந்து விடுதலையான அற்புதத்தை நினைத்துப் பேசுவான். 13-ஆம் நூற்றாண்டில் ஜிரோனாவின் உரையாசிரியர் ரம்பான் வந்து, இந்தச் சொல்லுக்கு நமக்குத் தெரிந்த உறவே இல்லை என்று முதலில் சொல்லிவிட்டு, தலையில் அணியும் பெண்கள் நகை ஒன்றுக்குத் தால்மூதில் தோத்தேஃபெத் என்று பெயர் வருகிறதே, அந்த மொழியில் புழங்கினவர்கள்தான் அந்தப் பண்டிதர்கள், அவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம் என்கிறார். எனக்கு மிகவும் பிடித்த வாதம் இது. வேர், பிளவு, தூரதேசத்து எண் எதுவும் வேண்டாம், அக்கம்பக்கத்தில் பெண்கள் போட்டுக்கொண்ட நகையின் பெயர் போதும்.

இதே விஷயத்தில் ரஷ்பாம் இன்னும் ஆழமாகக் கை வைத்தார். யாத்திராகமம் 13:9-இல் "உன் கையில் அடையாளமாக" என்பதன் ஆழ்ந்த நேர்ப்பொருள், கையில் எழுதியதுபோல் எப்போதும் நினைவில் இருக்கட்டும் என்பதே, உன்னதப்பாட்டில் "என்னை உன் இருதயத்தில் முத்திரையாக வை" என்பதுபோல, என்று எழுதினார். தெஃபிலீன் வேண்டாம் என்பது அவர் கருத்தில்லை. சொல்லின் நேர்ப்பொருள் ஒன்று, சட்டம் அதிலிருந்து எடுக்கும் பொருள் இன்னொன்று, இரண்டும் அவரவர் இடத்தில் நிற்கும் என்ற கட்சி அவருடையது. இபின் எஸ்ரா இந்த வகை விளக்கத்தை ஏற்கவில்லை: நீதிமொழிகளில் கழுத்தில் கட்டிக்கொள் என்று வந்தால் அது உவமை, அந்தப் புத்தகத்தின் தலைப்பே அதைச் சொல்கிறது, தோராவை அப்படி உவமையாக்க முடியாது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். தமிழ் மொழிபெயர்ப்பு ரபி யோசேயின் முழங்கால் பக்கம் நிற்கிறது, அது ஒன்றும் மட்டமான இடமில்லை. ஆனால் இன்றைய எபிரேயத்தில் போய்க் கேட்டால் ஜெயித்தது அவர் இல்லை. அவ்ரேக் என்றால் இப்போது, கல்யாணமாகி, கொல்லெல் என்ற கல்விக்கூடத்தில் முழுநேரம் தோரா படிக்கும் இளைஞன்: ஞானத்தில் தகப்பன், வயதில் இளையவன், யோசே முறுக்கல் என்று கண்டித்தாரே, அதேதான். எதோடும் ஒட்டாமல் நின்ற பானேயாக்கும் சும்மா போகவில்லை, ராஷி சொன்ன பொருளிலேயே வினைச்சொல்லாகி, லெஃபானேயாக் என்றால் இஸ்ரேலில் இன்றைக்கு மறைகுறியை உடைத்துப் படிப்பது. நீங்கள் ஓரக்குறிப்பு எழுதுவதாக இருந்தால், "மூலத்தில் அவ்ரேக், எகிப்தியக் கூவலாக இருக்கலாம், பழைய யூத உரைகளில் மூன்று பொருள் உண்டு" என்று போடுங்கள். மூன்றையும் எழுத இடம் இல்லாவிட்டால், 45:8-ஐ மட்டுமாவது பக்கத்தில் குறித்துவையுங்கள்.